மூளை ஏற்பிகளை ஆராயும் வாழ்க்கைப் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையின் ஏற்பிகளையும் அவை பழுதானால் வரும் நோய்களையும் ஆராய விரும்பும் மாணவர்களுக்கும், முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டில் கருவிகளோடு போராடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். ஏற்பி என்று இங்கே சொல்வது ஆங்கிலவழிப் பாடங்களில் 'ரிசெப்டர்' என்று வருவதைத்தான்.

ஏற்பியை ஆராய்பவர் உண்மையில் எதை அளக்கிறார்?

ஒரு நரம்பணு வெளியிடும் வேதிப்பொருளை அடுத்த நரம்பணு பிடித்துக்கொள்ளும் புரதம்தான் ஏற்பி. இதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. முதல் வகையில் ஏற்பியே ஒரு துளை. பொருள் வந்து ஒட்டியதும் சில மில்லிநொடிகளில் துளை திறந்து சோடியம், கால்சியம், குளோரைடு போன்ற அயனிகளை விடும். நரம்பணுவைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட்டின் ஆம்பா, என்எம்டிஏ ஏற்பிகளும், அடக்கும் வேதிப்பொருளான காபாவின் காபா-ஏ ஏற்பியும் இந்த வகை. இரண்டாம் வகை, செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜி-புரதத்தைத் தட்டி எழுப்பும். அதன் விளைவு தெரிய நூறு மில்லிநொடியிலிருந்து பல நொடிகள் வரை ஆகும். டோபமைனின் எல்லா ஏற்பிகளும் இப்படித்தான்.

அளப்பதற்கு மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன: ஒரு பொருள் ஏற்பியில் ஒட்டுகிறதா, ஒட்டியபின் ஏற்பி வேலை செய்கிறதா, அந்த வேலை மாறினால் நோயாளியிடம் ஏதாவது மாறுகிறதா. ஒன்றைக் காட்டிவிட்டு மற்றொன்றைச் சொல்லிவிடுவதுதான் இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் பிரித்து வைப்பதைப் பற்றியவைதான்.

எட்டிக்காய்க்கும் பாம்பு விஷத்துக்கும் இதில் என்ன தொடர்பு?

நிறைய. ஏற்பி மூளையில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் புரதம். அதைத் தேடிப் பிடிக்க, அதில் மட்டும் இறுக ஒட்டும் ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளை இயற்கை நஞ்சாகச் செய்து வைத்திருக்கிறது.

எட்டி விதையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் தண்டுவடத்தில் கிளைசின் ஏற்பியை அடைத்துவிடும். அடக்கும் சைகை நின்றுபோவதால் உடல் வில்லாக வளைந்து வலிப்பு வருகிறது. 1973இல் ஆன் யங்கும் சாலமன் ஸ்னைடரும் கதிரியக்கம் ஏற்றிய ஸ்ட்ரிக்னினைக் கொண்டே கிளைசின் ஏற்பியை அளந்து காட்டினார்கள். அதே ஆண்டு, அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில், கேண்டஸ் பெர்ட், அபின் வகைப் பொருட்களின் விளைவைத் தடுக்கும் நலாக்சோனைக் கொண்டு அவற்றின் ஏற்பியைக் காட்டினார்.

தைவானின் கட்டுவிரியன் இனம் ஒன்றின் விஷத்திலிருந்து சாங், லீ இருவரும் 1963இல் பிரித்தெடுத்த ஆல்ஃபா-பங்கரோடாக்சின், தசையின் அசிட்டைல்கோலின் ஏற்பியை ஏறக்குறைய விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் உடலின் ஏற்பிகளில் இது முதன்முதலாகத் தூய்மையாகக் கிடைத்தவற்றுள் ஒன்றானது. சர்ப்பகந்தா வேரின் ரெசர்பின் ஏற்பியில் ஒட்டுவதில்லை. நரம்பணு டோபமைனைச் சேமிக்கும் பைகளைக் காலி செய்துவிடும். அதன் கதை பார்க்கின்சன் நோயைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

எந்தப் பட்டம் படிக்க வேண்டும்? மருத்துவம் படித்தால்தான் முடியுமா?

முடியும், மருத்துவம் இல்லாமலே. உயிர்வேதியியல், உயிரிதொழில்நுட்பம், விலங்கியல், இயற்பியல், மருந்தியல் என எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். மின்னோட்டங்களை அளக்கும் ஆய்வகங்களில் இயற்பியல், மின்னணுவியல் படித்தவர்கள் வேகமாகத் தேறுவார்கள். ஓம் விதியும் மின்தேக்கியும் அவர்களுக்குப் பழகியவை. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்றால் மட்டும் எம்பிபிஎஸ், பொது மருத்துவத்தில் எம்டி, நரம்பியலில் டிஎம் என்ற நீண்ட பாதைதான்.

எந்தப் பட்டமானாலும் மூன்று பாடங்களைத் தவிர்க்க முடியாது: நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை (சவ்வின் இருபுற அயனிச் செறிவிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடுவது) தாளில் போடத் தெரிவது, மோலார் கணக்கில் தடுமாறாமல் இருப்பது, புள்ளியியலின் அடிப்படை. பைத்தான் அல்லது மேட்லேப்பில் ஒரு கோப்பைத் திறந்து வரைபடம் போடும் அளவுக்காவது நிரல் எழுதத் தெரிய வேண்டும். கருவி தரும் தரவு ஒரு நாளைக்கே நூற்றுக்கணக்கான பதிவுகளாக வரும், கையால் அளந்து மாளாது.

இந்தியாவில் எங்கே செய்யலாம்? உதவித்தொகை எவ்வளவு?

பெங்களூரில் நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையம், தேசிய உயிரியல் அறிவியல் மையம், ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், புணே ஐசர். இவை முதலில் பார்க்க வேண்டியவை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளையைச் செல் அளவில் படமெடுக்கிறது. மூளையின் அமைப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது நல்ல இடம், ஆனால் ஏற்பியின் மின்னோட்டத்தை அளக்கும் வேலை வேறு.

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெற்றால் பெரும்பாலான கதவுகள் திறக்கும். டாடா நிறுவனமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் 'ஜீபில்ஸ்' தேர்வு வழியாக எடுக்கின்றன. நிம்ஹான்ஸ் தனியாக நுழைவுத்தேர்வு வைக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. பணம் மாதாமாதம் வராமல் சில மாதங்கள் சேர்ந்து வருவது பல இடங்களில் வழக்கம். சேரும்போதே மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கதிரியக்கப் பிணைப்புச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள்? எங்கே பிழைக்கிறது?

மூளைத் திசுவைக் குளிரில் அரைத்து, மையவிலக்கில் சுழற்றி, சவ்வுகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 50 மில்லிமோலார் டிரிஸ் கரைசலில், பிஎச் 7.4இல், ட்ரிடியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய மருந்தோடு அரைமணி முதல் ஒருமணி நேரம் வைப்பார்கள். பிறகு கண்ணாடி இழை வடிதாளில் ஊற்றி உறிஞ்சி, பனிக்குளிர்ச்சியான கரைசலால் மூன்று முறை சட்டென்று கழுவி, தாளில் மிஞ்சிய கதிரியக்கத்தை எண்ணுவார்கள். இன்னொரு வரிசைக் குழாய்களில் கதிரியக்கமில்லாத மருந்தைப் பெருமளவு அதிகமாகச் சேர்ப்பார்கள். அப்போதும் ஒட்டியிருப்பது ஏற்பியில் ஒட்டியதல்ல, கொழுப்பிலும் தாளிலும் ஒட்டியது. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பதே உண்மையான பிணைப்பு.

இதில் கழுவும் நேரத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஒட்டும் வேகத்தை ஒரு மோலாருக்கு நொடிக்குப் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மருந்தின் பிணைப்பு மாறிலி (ஏற்பிகளில் பாதி நிரம்பத் தேவையான செறிவு, குறையக் குறையப் பிடி இறுகும்) 1 நானோமோலார் என்றால், ஒட்டியதில் பத்தில் ஒரு பங்கு கழன்றுபோக ஏறக்குறைய 105 நொடி ஆகும். நிதானமாகக் கழுவலாம். அதே மாறிலி 100 நானோமோலார் என்றால் ஒரே நொடிதான். அப்படிப்பட்ட மருந்தை வடிகட்டி அளக்கவே முடியாது, மையவிலக்கு முறைக்குப் போக வேண்டும். "பிணைப்பே இல்லை" என்ற முடிவு சில நேரம் "கழுவும்போது போய்விட்டது" என்பதாகவே இருக்கும்.

மற்ற பிழைகளும் உண்டு. ஊற்றிய மருந்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஒட்டிவிட்டால் கரைசலில் மிஞ்சியிருக்கும் செறிவு நீங்கள் நினைத்த அளவு அல்ல, கணக்கு முழுவதும் சாயும். திசுவைக் குறைத்துப் போடுங்கள். நேர்மின் மருந்துகள் கண்ணாடித் தாளில் ஒட்டும், தாளை முன்கூட்டியே 0.3 சதவீத பாலிஎத்திலீன்இமைனில் ஊறவையுங்கள். என்எம்டிஏ ஏற்பியை, அதன் திறந்த துளைக்குள் ஒட்டும் எம்கே-801 கொண்டு அளக்கும்போது திசுவிலேயே இருக்கும் குளுட்டமேட்டும் கிளைசினும் துளையைத் திறந்துவிட்டு எண்ணை உயர்த்திக் காட்டும். சவ்வை உறையவைத்து, உருக்கி, பலமுறை கழுவி அவற்றை வெளியேற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக வந்தால்கூடச் சோதனை சொல்வது எத்தனை ஏற்பிகள் இருக்கின்றன, எவ்வளவு இறுக ஒட்டுகிறது என்பதை மட்டுமே. அவை வேலை செய்கின்றனவா என்பதற்கு வேறு கருவி வேண்டும்.

பேட்ச் கிளாம்ப் என்பது என்ன? ஒரு நாள் வேலை எப்படிப் போகும்?

ஒரு மைக்ரோமீட்டர் அளவு வாயுள்ள கண்ணாடிக் குழலைச் செல்லின் சவ்வில் ஒட்டவைத்து, ஏற்பித் துளைகள் வழியாகப் பாயும் மின்னோட்டத்தை அளக்கும் முறை. எர்வின் நேயரும் பெர்ட் சக்மனும் ஜெர்மனியின் கோட்டிங்கனில் 1976இல் ஒற்றைத் துளையின் மின்னோட்டத்தை இப்படிப் பதிவு செய்தார்கள். 1991இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காலையில் முதல் வேலை கரைசல். வழக்கமான செயற்கை மூளைநீரின் அளவு, மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 125, பொட்டாசியம் குளோரைடு 2.5, சோடியம் பைகார்பனேட் 25, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.25, கால்சியம் குளோரைடு 2, மக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10 முதல் 25. இதில் 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன்டைஆக்சைடும் கலந்த வாயுவைக் குறைந்தது 15 நிமிடம் குமிழியிட்ட பிறகே கால்சியத்தைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே சேர்த்தால் பாலாகத் திரிந்து கால்சியம் கார்பனேட் படியும். அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே வழி. சவ்வூடு அழுத்தம் 300 முதல் 310 மில்லிஆஸ்மோல் இருக்க வேண்டும், அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம்.

மயக்கமருந்து கொடுத்த சுண்டெலியின் மூளையை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துப் பனிக்குளிர்ச்சியான வெட்டுக் கரைசலில் போட வேண்டும். அதிரும் பிளேடு உள்ள வெட்டுக் கருவியில் 300 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவல் போடுவார்கள். இளம் எலிக்குச் சுக்ரோஸ் கரைசல் போதும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட எலிக்கு, இதயம் வழியாகக் குளிர்ந்த என்எம்டிஜி கரைசலை (சோடியத்துக்குப் பதில் என்எம்டிஜி சேர்த்தது) செலுத்தி இரத்தத்தைக் கழுவாவிட்டால் மேல் அடுக்குச் செல்கள் பெரும்பாலும் இறந்திருக்கும். சீவலை 32-34 டிகிரியில் அரைமணி, பிறகு அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் ஓய்வாக வைக்க வேண்டும்.

பதிவு தொடங்குவதற்குள் மதியம் ஆகிவிடும். நல்ல சீவல் ஐந்தாறு மணி நேரம் தாங்கும். ஒரு நாளில் நம்பத்தக்க பதிவு மூன்று நான்கு செல்களில் கிடைத்தால் அது நல்ல நாள். ஒன்றும் கிடைக்காத நாட்கள் முதல் ஆறு மாதத்தில் பல வரும். அது திறமைக் குறைவின் அடையாளம் அல்ல.

இறுக்கமான ஒட்டு வரவே மாட்டேன் என்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

குழலின் வாய்க்கும் சவ்வுக்கும் இடையிலான ஒட்டின் மின்தடை ஒரு ஜிகாஓம்முக்கு மேல் போக வேண்டும். போகாவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் செல். மென்மையான மேற்பரப்பும் மங்கலான விளிம்பும் உள்ள செல்தான் உயிரோடு இருப்பது. உப்பிப்போய், நடுவில் உட்கரு தெளிவாகத் தெரியும் செல்லை விட்டுவிடுங்கள். பார்க்க எடுப்பாகத் தெரிவதால் புதியவர்கள் அதையேதான் தேர்ந்தெடுப்பார்கள். சீவல் முழுக்க அப்படி இருந்தால் தவறு காலையில் நடந்துவிட்டது: மூளை எடுப்பதில் தாமதம், பிளேடு செங்குத்தாக அதிர்வது, வாயு நின்றுபோனது, இவற்றில் ஒன்று.

அடுத்து குழல். கரைசலில் வைத்துப் பார்க்கும்போது 3 முதல் 6 மெகாஓம் இருக்க வேண்டும். இழுத்து வைத்த குழலில் சில மணி நேரத்தில் தூசி படியும், அன்றன்றைக்கு இழுத்ததையே பயன்படுத்துங்கள். குழலுக்குள் ஊற்றும் கரைசலை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டாவிட்டால் ஒரு துகள் போதும், வாய் அடைத்துக்கொள்ளும். கரைசலில் இறங்குவதற்கு முன்பே குழலுக்குள் மெல்லிய நேரழுத்தம் இருக்க வேண்டும். ஒரு செல்லைத் தொட்ட குழல் மறுபடி எதற்கும் ஆகாது.

மூன்றாவது, சவ்வூடு அழுத்தம். உள்கரைசல் வெளிக்கரைசலைவிட 10 முதல் 15 மில்லிஆஸ்மோல் குறைவாக இருப்பது நல்லது. தலைகீழாகிவிட்டால் செல் ஊதிக்கொண்டே போய்ப் பதிவு பத்து நிமிடத்தில் சாகும்.

ஒட்டு வந்து உள்ளே நுழைந்த பிறகு பார்க்க வேண்டியது நுழைவுத் தடை, அதாவது குழலுக்கும் செல்லின் உட்புறத்துக்கும் இடையிலான மின்தடை. அது 20 மெகாஓம், மின்னோட்டம் 500 பிக்கோஆம்பியர் என்றால் நீங்கள் வைத்ததாக நினைக்கும் மின்னழுத்தத்தில் 10 மில்லிவோல்ட் பிழை. பதிவின் நடுவே நுழைவுத் தடை 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் அந்தச் செல்லைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும். "மருந்து மின்னோட்டத்தைக் குறைத்தது" என்று தெரிவது பல நேரம் குழல் வாய் அடைத்துக்கொண்டதால்தான்.

திரையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் போகவில்லையே?

தரைக்கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேருங்கள். இரண்டு வழிகளில் தரைக்குப் போகும் கருவி ஒவ்வொன்றும் ஒரு வளையம், அது சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். கருவிகளை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள், குற்றவாளி பெரும்பாலும் விளக்கின் மின்வழங்கி அல்லது கரைசல் பம்பு. பம்பு என்றால் குழாயின் நடுவே ஒரு சொட்டுக்கூண்டு வைத்து நீர்த்தொடர்பை வெட்டுங்கள்.

வெள்ளிக் கம்பியின் குளோரைடு பூச்சு தேய்ந்தால் அடிக்கோடு மெல்ல நகரும். ப்ளீச்சில் கருஞ்சாம்பல் நிறம் வரும்வரை ஊறவைத்தால் சரியாகும். ஏசியின் காற்று நேராகக் கருவிமேல் படும் அறையில் குழல் வெப்பத்தால் நகர்ந்து செல்லைக் கிழிக்கும். காற்றைத் திருப்பிவிடுங்கள்.

என்எம்டிஏ ஏற்பியின் மின்னோட்டத்தை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

இந்த ஏற்பிக்குத் தனிக் குணங்கள் உண்டு. திறக்க இரண்டு சாவி வேண்டும்: குளுட்டமேட், அதோடு கிளைசின் அல்லது டி-செரின். செல் ஓய்வில் இருக்கும்போது மக்னீசியம் அயனி துளையை அடைத்திருக்கும், செல் உற்சாகமடைந்தால்தான் விலகும். 1984இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. திறந்தால் கால்சியமும் உள்ளே போகும். நினைவுக்கும் இதுவே வழி, மிஞ்சினால் செல் சாவுக்கும் இதுவே வழி.

ஆகவே செல்லை +40 மில்லிவோல்டில் பிடித்து மக்னீசியத்தை விலக்க வேண்டும். பொட்டாசியம் துளைகள் குறுக்கிடாமல் இருக்க உள்கரைசலில் பொட்டாசியத்துக்குப் பதில் சீசியம். ஆம்பா ஏற்பியை 10 மைக்ரோமோலார் என்பிகியூஎக்ஸ் கொண்டும், காபா-ஏ ஏற்பியை 100 மைக்ரோமோலார் பிக்ரோடாக்சின் கொண்டும் அடைக்க வேண்டும். என்பிகியூஎக்ஸ் இல்லை என்று சிஎன்கியூஎக்ஸை அதிகமாக ஊற்றாதீர்கள். அது என்எம்டிஏ ஏற்பியின் கிளைசின் இடத்திலும் கை வைக்கும். கடைசியில் என்எம்டிஏ ஏற்பியையே அடைக்கும் டி-ஏபி5ஐ 50 மைக்ரோமோலார் ஊற்றுங்கள், மிஞ்சிய மின்னோட்டம் மறைய வேண்டும். மறையாவிட்டால் நீங்கள் அளந்தது வேறு எதையோ.

எலியின் வயது மிக முக்கியம். பிறந்த முதல் வாரங்களில் ஏற்பியின் குளூஎன்2பி உட்கூறு குறைந்து குளூஎன்2ஏ கூடுகிறது, மின்னோட்டம் அடங்கும் வேகமும் அதோடு மாறுகிறது. ஒரு குழுவில் 14 நாள் எலியும் இன்னொரு குழுவில் 19 நாள் எலியும் இருந்தால், நோய் மாதிரியில் கண்டதாக நினைக்கும் வேறுபாடு வெறும் வயது வேறுபாடாக இருக்கலாம்.

எத்தனை செல்களில் பதிவு செய்தால் போதும்?

கேள்வியை எத்தனை விலங்குகள் என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டு எலிகளிலிருந்து இருபது செல் எடுத்தால் எண்ணிக்கை இருபது ஆகிவிடாது, ஒரே எலியின் செல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். செல்கள் விலங்குக்குள் அடங்கியவை என்பதைக் கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரிப் பகுப்பாய்வு தேவை, அல்லது விலங்குக்கு ஒரு சராசரி. எந்த எலி எந்தக் குழு என்பது பதிவு செய்பவருக்கும் பகுப்பாய்பவருக்கும் தெரியக் கூடாது. எந்தப் பதிவை விலக்குவது என்ற விதியைச் சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள்.

ஏற்பியை ஆன்டிபாடியால் நிறமேற்றிப் பார்த்தால் போதாதா?

போதாது. ஜி-புரத ஏற்பிகளுக்கு விற்கப்படும் ஆன்டிபாடிகள் பல, அந்த ஏற்பியே இல்லாத மரபணு நீக்கிய எலியின் மூளையிலும் அதேபோல் நிறம் காட்டியிருக்கின்றன. மரபணு நீக்கிய திசுவில் நிறம் மறைவதைக் காட்டிய பிறகே நம்புங்கள். விற்பவர் தரும் பட்டைப் படம் (வெஸ்டர்ன் பிளாட்) உங்கள் திசுவுக்குச் சான்றாகாது.

இந்த ஆராய்ச்சியால் நோயாளிக்கு உண்மையில் பயன் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. மூன்று நோய்களைச் சொல்லலாம்.

பார்க்கின்சன். 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, உடல் டோபமைனாக மாற்றிக்கொள்ளும் எல்-டோபாவைச் செலுத்தினார். அவை சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. டோபமைன், நோரட்ரினலின் உருவாகும் வழியில் வரும் வெறும் இடைப்பொருள் என்று நினைத்த காலம் அது. அடுத்த ஆண்டு அது மூளையில் தானாகவே இருப்பதைக் காட்டினார். 1960இல் வியன்னாவில் எஹ்ரிங்கரும் ஹார்னிகீவிச்சும் இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றியிருப்பதை அளந்தார்கள். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் நோயாளிகளுக்கு டோபாவை வாய்வழியாகப் பெரிய அளவில் கொடுத்துப் பலன் காட்டினார். முயலிலிருந்து மாத்திரைக்குப் பத்து ஆண்டு. கார்ல்சன் அத்தோடு நிற்கவில்லை. 1963இல் அவரும் லிண்ட்க்விஸ்டும் மனநோய் மருந்துகளான குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால் கொடுத்த எலிகளின் மூளையில் டோபமைனின் அளவு மாறாமல் அதன் கழிவுப்பொருள் மட்டும் கூடுவதைக் கண்டார்கள். ஏற்பி அடைபடுகிறது, நரம்பணு ஈடுகட்ட அதிகம் சுரக்கிறது என்று ஊகித்தார்கள். ஏற்பியை நேரில் அளக்க வழியே இல்லாத காலத்தில் செய்த ஊகம், சரியாக நின்றது. 2000இல் அவருக்கு நோபல் பரிசு.

மயஸ்தீனியா கிராவிஸ். இமை சரிந்து, சாப்பிட மெல்லக்கூட முடியாமல் தசை களைத்துப்போகும் நோய். 1973இல் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் இருவரும் மின்விலாங்கிலிருந்து எடுத்த அசிட்டைல்கோலின் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். ஆன்டிபாடி உண்டாக்குவதே நோக்கம். முயல்கள் தளர்ந்து விழுந்தன. உடல் தன் ஏற்பியையே தாக்குகிறது என்பது அப்படித்தான் புலப்பட்டது. அதே ஆண்டு ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்யமூர்த்தி மூவரும் கட்டுவிரியன் நஞ்சைக் கொண்டு நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் குறைந்திருப்பதை எண்ணிக் காட்டினார்கள்.

என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி. 2007இல் ஜோசப் டால்மாவின் குழு 12 பெண்களை விவரித்தது. எல்லோருக்கும் டெரட்டோமா என்ற கட்டி, பெரும்பாலும் சூலகத்தில். முதலில் மனக்குழப்பம், பிறகு வலிப்பு, வாய் கோணும் அசைவுகள், மூச்சுத் தடுமாற்றம். ஆன்டிபாடி குளூஎன்1 உட்கூறைப் பிடித்து, ஏற்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து, செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. செல் சாவதில்லை. ஆன்டிபாடியை நீக்கினால் ஏற்பி மேலே திரும்புகிறது. அதனால்தான் 577 நோயாளிகளைத் தொடர்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சை பெற்று இரண்டு ஆண்டு பின்தொடரப்பட்டவர்களில் சுமார் ஐந்தில் நால்வர் நன்றாகத் தேறினார்கள். சோதனைக்கு இரத்தத்தோடு முதுகுத்தண்டு நீரையும் அனுப்ப வேண்டும், இரத்தத்தில் மட்டும் பார்த்தால் சிலருக்குத் தவறிவிடும். முன்பு மனநோய் என்றே முடிவுகட்டப்பட்டிருக்கக்கூடிய பெண்கள் இன்று வேலைக்குத் திரும்புகிறார்கள்.

அப்படியானால் பக்கவாதத்துக்கான ஏற்பி மருந்துகள் ஏன் தோற்றன?

பக்கவாதத்தில் குளுட்டமேட் பெருகி என்எம்டிஏ ஏற்பி வழியாகக் கால்சியம் கொட்டிச் செல்கள் சாகின்றன, ஆகவே ஏற்பியை அடைத்தால் காப்பாற்றலாம் என்பது கருத்து. எலியில் பலித்தது. 1990களில் செல்ஃபோடெல், அப்டிகானெல் ஆகியவை பெரிய மருத்துவச் சோதனைகளில் தோல்வியடைந்தன. எலிக்கு அடைப்பு உண்டாக்கிய சில நிமிடங்களில் மருந்து போகும். மனிதர் மருத்துவமனைக்கு வந்து சேரவே பல மணி நேரம் ஆகும், அதற்குள் குளுட்டமேட் வெள்ளம் வடிந்திருக்கும். காக்கும் அளவுக்கு மருந்து கொடுத்தால் மனக்குழப்பமும் மயக்கநிலையும் வந்தன. மேலும் பிழைத்த செல்கள் உயிரோடு இருக்க அதே ஏற்பியின் இயல்பான சைகை தேவைப்படுகிறது.

மெமன்டின் என்ற மருந்தும் இதே துளையைத்தான் அடைக்கிறது. ஆனால் பிடி தளர்ச்சியானது, விரைவில் விலகிவிடும், இயல்பான சைகை பெருமளவு தப்பிக்கிறது. 2003இல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி கிடைத்தது. பலன் சிறியதே, நோயை நிறுத்தாது. நோயாளியின் குடும்பத்திடம் பேசும்போது இதை மறைக்கக் கூடாது.

என்னென்ன அனுமதிகள் தேவை?

விலங்குச் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு. அது, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏவின் விதிகளின்கீழ் இயங்கும். கதிரியக்கப் பொருளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும். மனிதத் திசு, முதுகுத்தண்டு நீர் என்றால் மனித நெறிமுறைக் குழுவும் எழுத்து ஒப்புதலும். குழுக்கள் அடிக்கடி கூடுவதில்லை, ஆகவே சேர்ந்த முதல் மாதத்திலேயே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். எலி எண்ணிக்கைக்குக் காரணம் காட்டாத விண்ணப்பம் திரும்பி வரும்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவர் இல்லாத நேரத்தில் அங்குள்ள மாணவர்களிடம் பேசுங்கள். சென்ற ஐந்து ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டில், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள். பதிவுக் கருவி ஒன்றுக்கு எத்தனை பேர் போட்டி என்று பாருங்கள். நான்கு பேருக்கு ஒரு கருவி என்றால் உங்கள் முறை வாரத்துக்கு ஒரு நாள்தான். எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு வந்தபோது அவர் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். "மறுபடி செய், உன் முடிவு சரியானால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்பவரிடம் சேருங்கள், ஆய்வகம் சிறியதானாலும்.

தமிழ்வழியில் படித்தவர் சமாளிக்க முடியுமா?

முடியும். முதல் ஆண்டு கட்டுரை வாசிப்பில்தான் சிரமம். வாரத்துக்கு இரண்டு கட்டுரை எடுத்து, முதலில் படங்களையும் அவற்றின் விளக்கத்தையும் மட்டும் படித்து, என்ன அளந்தார்கள் என்று தமிழிலேயே நான்கு வரி எழுதுங்கள். பிறகு ஆசிரியர்களின் முடிவுரையோடு ஒப்பிடுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் நான்கு வரியைத் தாண்டிப்போகும் இடத்தில் அடிக்கோடிடுங்கள், குழுக் கூட்டத்தில் அதையே கேள்வியாகக் கேளுங்கள். உச்சரிப்பைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பின் என்ன?

இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை பத்து, பதினோரு ஆண்டு. பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டு முதுமுனைவர் ஆய்வு, பெரும்பாலும் வெளிநாட்டில். சொந்த ஆய்வகம் கிடைக்கும்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டிருக்கும். திரும்பி வருவோருக்கு உயிரிதொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி நிதியுதவியும், வெல்கம் அறக்கட்டளையோடு சேர்ந்த இந்தியா அலையன்ஸ் நிதியுதவியும் உண்டு. எல்லோருக்கும் பேராசிரியர் பதவி கிடைக்காது. மருந்து நிறுவனங்களின் அயனித் துளைப் பரிசோதனைப் பிரிவுகள், மருத்துவச் சோதனை மேற்பார்வை, தரவுப் பகுப்பாய்வு, ஆன்டிபாடி பரிசோதனைக் கூடங்கள் ஆகியவை இந்தப் பயிற்சியை மதிக்கும் இடங்கள். பெரும்பாலான புதிய மருந்துகளில், அவை இதயத்தின் ஹெர்க் பொட்டாசியம் துளையை அடைக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். அடைத்தால் இதயத்துடிப்பு ஆபத்தாகத் தடம்புரளலாம். அதை அளப்பதும் பேட்ச் கிளாம்ப்தான். மூளைச் சீவலில் பழகிய கைக்கு அங்கே ஒரு வாரத்தில் வேலை பிடிபடும்.